மதினி வீட்டு நெய்

என் கணவரின் இருதயத்தை நான்தான் காபந்து பண்ணி வைத்திருக்கிறேன் என்று ஆறு வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வாயால் மட்டும் சொல்லவில்லை, மனதார நம்பினேன். இப்போது வயதாகிவிட்டது. எழுதினால் பாரம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. குறையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் நாங்கள் கோட்டையூரில் குடியிருந்தோம். பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கும் தெருக்களுக்குப் பின்னால், ஓட்டு வீடுகள் வரிசையில் ஒன்று. அவர் கல்லலில் யூனியன் ஆபீஸில் குமாஸ்தா. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருவார். எங்களுக்கு ஒரே மகன். அவருக்குத் தாய் இல்லை. பத்து வயது மூத்த அக்காதான் தூக்கி வளர்த்தது. அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி கட்டிக்கொடுத்த ஊர் மானகிரி. கொஞ்சம் கடலைக் காடு, இரண்டு கறவைப் பசு, பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தப் பசுக்களின் வெண்ணெயை உருக்கி, வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு தூக்குவாளியில் ஊற்றித் தம்பிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் சோறு போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் சோற்றுக்குப் பருப்பு, பருப்பின் மேல் நெய். நெய் விழுந்த பிறகுதான் கை இலைக்குள் இறங்கும். நெய்யில்லாமல் பருப்பை மட்டும் வைத்தால், "வந்தவுகளை எந்திரிச்சுப் போங்கன்னு வாயால வேற சொல்லணுமாக்கும்" என்பார் மதினி. அவர் வீட்டு வாசலைச் சாப்பிடாமல் தாண்டிய ஆள் கிடையாது. வரப்புத் தகராறுக்கு வந்தவர்கூடச் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுத்தான் தகராறைத் தொடர்ந்ததாகச் சொல்வார்கள். நானே பார்த்திருக்கிறேன், பொய்யில்லை.

என் கணவருக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்தபோது வயது நாற்பத்து மூன்று. பஸ்ஸுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "வாயுதான் போல, கொஞ்சம் சுக்குத் தண்ணி வை" என்றார். சுக்கு கொதிப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது. காரைக்குடியில் ஒரு டாக்டர் வீட்டோடு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே பதினெட்டு நாள் கிடந்தார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

கொலஸ்ட்ரால் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலில் கேட்டேன். ரத்தத்தில் அது கூடுதலாக இருக்கிறது என்றார். எனக்கு விளங்க வேண்டுமே என்று சமையல்காரியிடம் பேசுகிற மாதிரியே சொன்னார்.

"எண்ணெய்ச் சட்டியைச் சரியாத் தேய்க்காம வச்சா ஓரத்துல பிசுக்கு ஏறும்ல? அப்படித்தாம்மா ரத்தக் குழாய்க்குள்ள ஏறுது. இருதயத்துக்குப் போற குழாய் ரொம்பச் சின்னது. அதுல அடைச்சா வலி."

"என்ன செய்யணும் டாக்டர்?"

"நெய், வெண்ணெய், கறியில வர்ற கொழுப்பு, முட்டை மஞ்சக்கரு, எல்லாத்தையும் நிறுத்துங்க. பிராணிகள்ட்டருந்து வர்ற கொழுப்புலதான் கொலஸ்ட்ரால் இருக்கு. செடி எண்ணெயில கிடையாது. அதை அளவாச் சேத்துக்கலாம். பீடியை விடச் சொல்லுங்க, தினமும் நடக்கச் சொல்லுங்க."

பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எங்கள் உறவில் அந்தக் காலத்தில் அவ்வளவு படித்த பெண் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. "அளவா" என்று அவர் சொன்னதையும் எழுதித்தான் வைத்திருந்தேன். எழுதியதோடு சரி.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று இலையைப் போட்டுச் சோற்றை வைத்துப் பருப்பை ஊற்றினேன். நெய்யை ஊற்றவில்லை. அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை. பிறகு சிரித்துக்கொண்டு, "என்ன, எந்திரிச்சுப் போகச் சொல்றியா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பதினெட்டு நாள் எமனோடு மல்லுக்கட்டி வந்த மனிதருக்கு நான் வைத்த முதல் சோறு மதிப்பில்லாத சோறு. அடுப்படியில் போய் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காரைக்குடிக் கடைவீதிக்குப் போனேன். மளிகைக் கடையில் வனஸ்பதி டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதுவரை கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் வாங்குகிற சாமான் என்று நினைத்து நான் அதைத் தொட்டதில்லை.

"இது எதுலருந்து செய்யுறது?" என்று கேட்டேன்.

"எல்லாம் கடலெண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய்தாங்கம்மா. மாட்டுச் சரக்கு ஒரு துளி கெடையாது. ஆனா நெய் மாதிரியே உறையும் பாருங்க, வித்தியாசமே தெரியாது" என்றார் கடைக்காரர்.

டின்னைக் கையில் வாங்கி, அதில் அச்சடித்திருந்ததை நானே படித்துப் பார்த்தேன். தாவர எண்ணெய் என்றுதான் போட்டிருந்தது. டாக்டர் சொன்னதும் அச்சில் இருந்ததும் ஒத்துப்போயிற்று. அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன இருந்தது? அந்தப் புண்ணியவான் நெய் மாதிரியே உறையும் என்று சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. மதினியின் காட்டுக் கடலையை ஆட்டிய எண்ணெய் எங்கள் வீட்டில் குடத்தில் இருந்தது. அதைப் பருப்பின் மேல் ஊற்ற முடியுமா? ஊற்றினால் அது மரியாதை ஆகுமா? எனக்கு வேண்டியிருந்தது நெய்யின் இடத்தில் உட்கார நெய்யைப் போல ஒன்று. அது கிடைத்துவிட்டது.

வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவோம், மணத்துக்கு. வனஸ்பதியை உருக்கி அதிலும் முருங்கைக்கீரையைப் போட்டேன். மணம் வந்தது. முழுதாக இல்லை, பாதி. அடுத்த வேளை பருப்பின் மேல் ஒரு கரண்டி ஊற்றியதும் அவர் கை இலைக்குள் இறங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது.

"மேலண்ணத்துல ஒட்டுதே இது" என்றார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு.

"ஒட்டுனா ஒட்டட்டும். உள்ள ஒட்டாதுல்ல? டாக்டர் சொன்னதுதான். சாப்பிடுங்க."

"சரிங்க டாக்டரம்மா" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு டாக்டரம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் கேலியாகத்தான் சொன்னார், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

கேடில்லாத பொருள் என்று முடிவான பிறகு கை தாராளமாகிவிட்டது. முன்பு நெய் ஒரு சின்னக் கரண்டி, அதுவும் மதியம் மட்டும். இது மதியம் இரண்டு கரண்டி, காலையில் தோசைக்கு, சாயங்காலம் பலகாரத்துக்கு. பாவம், கறியும் இல்லை முட்டையும் இல்லை, வாய்க்கு ருசியாக என்னத்தைத்தான் கொடுப்பது என்று வெள்ளைப் பணியாரம், தேன்குழல் எல்லாம் அதிலேயே சுட்டுப் போட்டேன். மாதத்துக்கு ஒரு டின் இரண்டு டின் ஆயிற்று. அண்டை வீட்டுப் பெண்கள் கேட்டால் டின்னை எடுத்துவந்து காட்டி, செடி எண்ணெய்க்கும் நெய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடம் எடுப்பேன். நாலைந்து வீடுகள் என் பேச்சைக் கேட்டு மாறின.

மதினிக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் நெய் கொண்டுவரவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே தூக்குவாளி வந்துவிட்டது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். "அந்த டாக்டரு எந்த நெய்யைச் சொன்னாரோ. இது நம்ம மாட்டு நெய்யாச்சே" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை மகனுக்கும் ஊற்றாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நாலு வாரம் இப்படியே போயிற்று. ஐந்தாவது வாரம் தூக்குவாளியை அப்படியே திருப்பி அனுப்பினேன். அவரிடம், அக்கா வீட்டில்கூட நெய்யைத் தொடமாட்டேன் என்று எங்கள் மகன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மானகிரி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மதினி வீட்டுக்குப் போனோம். இலை போட்டார்கள். பருப்பு விழுந்தது. மதினி நெய்க் கிண்ணத்தோடு தம்பியின் முன்னால் குனிந்தார். என் கணவர் இலையின் மேல் கையை விரித்து மறைத்தார்.

"கையை எடு தம்பி."

"வேணாக்கா."

"ஒரு சொட்டு. எம் மனசுக்கு."

"சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா."

மதினி கிண்ணத்தைச் சாய்த்துவிட்டிருந்தார். நெய் தம்பியின் புறங்கையில் விழுந்து விரல் இடுக்கில் இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். இலையில் ஒரு சொட்டும் படவில்லை. பந்தியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, நான் என்ன வெசத்தையா ஊத்துறேன்? இவனைத் தாயில்லாத பிள்ளையா இந்தக் கையாலதான ஊட்டி வளத்தேன்."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஊட்டி ஊட்டித்தான் மதினி அவுக இந்த நெலமைக்கு வந்துட்டாக. ரத்தத்தை எடுத்துப் பாத்து டாக்டர் சொல்லிட்டாரு. எம்புட்டு வருசமா நீங்க கொண்டாந்த நெய்தான் உள்ள போய் அடைச்சுக்கிட்டு நிக்குது."

இதை டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன். மதினி எழுத்துப் படிக்காதவர். டாக்டர் சொன்னார் என்று நான் சொன்னால், அவருக்கு டாக்டர் சொன்னதுதான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல என் இலைக்குக் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்றும் அந்த வாசலை நாங்கள் சாப்பிடாமல் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தூக்குவாளி வரவில்லை. மதினி வருவார், காய் கொண்டுவருவார், கடலை கொண்டுவருவார். தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஜெயித்தவளுக்கு எங்கே யோசனை வரும்.

அவர் பீடியை விட்டார். காலையில் நடந்தார். எனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினார். மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்று மறுபடி சொல்லவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வெந்நீரை வாயில் ஊற்றி நெடுநேரம் கொப்பளிப்பார், அவ்வளவுதான். ஐந்தாம் வருடம் பஸ் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நான் இன்னும் கெடுபிடியானேன். தேங்காயை நிறுத்தினேன், பாலில் ஆடையை எடுத்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு டின்னை மட்டும் சந்தேகப்படவில்லை. மற்றவை எல்லாம் போய்விட்டதே என்று அதிலிருந்து இன்னும் அரைக் கரண்டி கூட்டி ஊற்றினேன்.

ஆறாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கொப்பளித்துக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே போட்டார். வாடகைக் கார் பிடித்து மதுரைக்கே கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரி. இருதயத்துக்கென்றே படித்த டாக்டர் ஒருவர், சின்ன வயது, வெளியே என்னை நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"வீட்ல நெய், வெண்ணெய் உண்டா?"

"ஆறு வருசமா ஒரு சொட்டுக் கிடையாது டாக்டர்." அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது.

"அப்ப எதுல சமைக்கிறீங்க?"

"வனஸ்பதி டாக்டர். செடி எண்ணெயில செஞ்சது. பருப்புக்கு, பலகாரத்துக்கு எல்லாம் அதுதான்."

பேனா நின்றது. "எவ்வளவு ஆகும்?"

"மாசம் ரெண்டு டின்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எண்ணெயா இருக்கிறவரைக்கும்தாம்மா அது செடி எண்ணெய். அதை உறைய வச்சு டின்ல அடைச்சுட்டா உடம்புக்குள்ள போய் நெய் பண்ற வேலையைத்தான் பண்ணும். நெய்யாவது ஒரு ஸ்பூன் ஊத்தியிருப்பீங்க. உங்க ஊர்ப் பக்கம் கடலை விளையுமே, அந்த எண்ணெயையே கொஞ்சமா ஊத்தியிருக்கலாமே."

என் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "இது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாதும்மா. பீடி குடிச்சிருக்காரு. அவங்க அப்பாவும் இப்படித்தான் போனார்ங்கறீங்க. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று எத்தனையோ வருடம் பார்த்தேன். முடியவில்லை. இன்றைக்கு இருக்கிற டாக்டர்கள் அந்தச் சாமானை இன்னும் கடுமையாகப் பேசுகிறார்கள், நெய்யைவிட மோசம் என்றே சொல்கிறார்கள். பேப்பரில் அதைப் பற்றி வந்தால் நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மூடுவேன். படிப்பை ஒரு நல்லதுக்கும் பயன்படுத்தாதவள் இதற்காவது பயன்படுத்துகிறேன்.

உள்ளே போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"நல்லாக் கவனிச்சிருக்கீகன்னு சொன்னாரு."

"அதான. வீட்டுல டாக்டரம்மா இருக்கையில" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். ஒரு பொய்யை நம்பி, என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

கோட்டையூரில் வைத்துத்தான் எடுத்தோம். மதினி வந்து தம்பியின் காலடியில் உட்கார்ந்தவர் அழவே இல்லை. கொள்ளிக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பங்காளி ஒருவர், "நெய் எங்க? மானகிரியில இருந்து அக்கா வீட்டு நெய் வந்துருக்கும்ல?" என்று கேட்டார். எல்லாருக்கும் அந்த நெய் தெரியும்.

மதினி தலையைத் தூக்கினார். "எங்க வீட்டு நெய் வேணாம்ப்பா. கடையில வாங்கிக்கங்க. உசுரோட இருக்கையில நான் ஊத்துனது போதும். அதுதான் அவனைக் கொண்டுபோயிருச்சு."

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முழம் தூரம்கூட இல்லை. மதுரையில் டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் இருந்தது. வாயைத் திறந்து, இல்லை மதினி, நீங்கள் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் என்று எல்லாரும் என்னைப் பார்த்து இரங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இரக்கத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன சொல்லி இதை மழுப்புவது? யாரோ கடைக்கு ஓடினார்கள்.

காரியம் முடிந்த சில நாளில் மதினி இரண்டு பசுக்களையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று வருடம் மானகிரிப் பக்கம் நான் போகவில்லை. மகனைப் போகச் சொல்வேன், விசேஷத்துக்கு வேட்டி சேலை கொடுத்தனுப்புவேன். எங்கள் வீட்டில் வனஸ்பதியை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்ட அண்டை வீட்டுப் பெண்களிடம், விலை கட்டுப்படியாகவில்லை என்று சொன்னேன். அவர்கள் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் நான் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மதினிக்கு நெஞ்சுவலி என்று மகன் வந்து சொன்னான். காரைக்குடியில் காட்டிவிட்டு வீட்டோடு இருக்கிறாராம். இனிமேலும் தள்ள முடியாது என்று மதிய பஸ்ஸில் ஏறி மானகிரிக்குப் போனேன். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

மதினி பாதியாகிவிட்டார். தொழுவம் காலியாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாத்தா, இங்குட்டு வந்து உக்காரு. மொதல்ல சாப்பிடு, பெறகு பேசலாம்" என்று இலையை அறுத்து வந்து போட்டார். சோற்றை வைத்தார், பருப்பை ஊற்றினார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒன்ட்ட ஒரு சொல்லுச் சொல்லணும்னு ரொம்ப நாளாக் கெடக்குதுத்தா. திருவிழா அன்னைக்கு நாலு பேருக்கு முன்னால ஒன்னைக் கேட்டுப்புட்டேன். எனக்கும் இப்ப டாக்டரு அதேதான் சொல்லுறாரு. நெய்யு கூடாது, அடைச்சுக்கிருச்சுன்னு. அப்பத்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. நீ பாத்துக்கிட்டதுனாலதான் அவன் ஆறு வருசம் கூட இருந்தான். நான் போட்டதை நீ எடுத்துக்கிட்டே இருந்துருக்க. என்னைய மன்னிச்சுக்க தாயி."

பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு டின்னை எடுத்து வந்தார். எனக்கு அந்த டின்னைத் தெரியும்.

"நீ வாங்குவேல்ல, அதுதான். கடையில கேட்டு வாங்கிட்டேன். நெய் கணக்கா இல்லதான். இருந்தாலும் நீ சொன்னது சரியாத்தான இருக்கும்" என்று கரண்டியில் எடுத்து, அடுப்புத் தணலில் காட்டி உருக்கி, என் இலைக்கு மேலே கொண்டுவந்தார்.

நான் இலையின் மேல் கையை விரித்தேன். அவருடைய தம்பி விரித்த மாதிரியே.

"ஏத்தா, என்ன?"

"இது வேணாம் மதினி. நீங்களும் சாப்பிடாதீக. இதுவும் நெய் மாதிரிதான் அடைக்குமாம். இன்னைக்கே தூக்கிப் போட்டுருங்க."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

கரண்டி அப்படியே நின்றது. மதினி எழுத்துப் படிக்காதவர்தான். ஆனால் கணக்குத் தெரியாதவர் இல்லை.

"அப்ப தம்பிக்கு நீ ஊத்துனது?"

"இதுதான் மதினி."

"நெய்யை விடக் கூடவா ஊத்துன?"

"கூடத்தான் ஊத்துனேன்."

தணலில் ஏதோ வெடித்தது. மதினி கரண்டியை டின்னுக்குள் வைத்தார். நான் வைவார் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் காலைப் பிடித்திருப்பேன்.

"எந்த டாக்டரு? எப்பச் சொன்னாரு?" என்று மெல்லக் கேட்டார்.

பொய் சொல்ல அப்போதும் வழி இருந்தது. போன மாதம், போன வருடம், எதையாவது சொல்லியிருக்கலாம்.

"மதுரையில மதினி. அவுக உசுரோட இருக்கையில."

"அப்ப கொள்ளிக்கு எங்க வீட்டு நெய்யைக் கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டின்னை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். காலித் தொழுவத்தில் அதைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் இலையில் சோறும் பருப்பும் அப்படியே ஆறிக் கிடந்தன.

"கோட்டையூர் பஸ்ஸு நாலரைக்கு" என்றார் மதினி.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை நின்றேன். பின்னாலிருந்து சாப்பிட்டுப் போ என்ற குரல் வரவில்லை.